இலவசக் கருவி, விலைகொடுத்த தரவுத்தளம்: பேக்கப் தவறும் இடங்கள்

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சீசனில் எடைமேடை ஏறும் ஒவ்வொரு வண்டியின் எடையும், விவசாயிக்குத் தர வேண்டிய பாக்கியும் எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் பதிவாகின்றன. பேக்கப்புக்கு, அதாவது தரவின் பாதுகாப்பு நகலுக்கு, தனியாகச் செலவு செய்ய மனமில்லாமல் ரெஸ்டிக் போன்ற திறமூல பேக்கப் மென்பொருளை நிறுவுகிறார்கள். அதில் தவறே இல்லை. ரெஸ்டிக் நல்ல கருவி. சிக்கல் எழுவது தரவுத்தளமும் அதுவும் சேரும் இடத்தில்.

முதல் தவறு, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுக்கச் சொல்வது. எஸ்.க்யூ.எல். சர்வர் தன் கோப்புகளைப் பூட்டி வைத்திருக்கும். ரெஸ்டிக் அவற்றைப் படிக்க முடியாமல் விட்டுவிட்டு, மற்றவற்றைச் சேமித்து, சில கோப்புகளைப் படிக்க முடியவில்லை என்று சொல்லும் 3 என்ற குறியீட்டுடன் வேலையை முடிக்கும். அந்தக் குறியீட்டை யாரும் பார்க்காவிட்டால், தேதிவாரியாக பேக்கப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். உள்ளே தரவுத்தளம் மட்டும் இருக்காது. லினக்ஸில் ஓடும் ஆரக்கிள் என்ற மற்றொரு தரவுத்தளத்தில் இது இன்னும் ஆபத்தானது. அங்கே பூட்டு தடுக்காது, நகல் சிக்கலின்றி முடியும். ஆனால் கோப்பின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு நேரத்து நிலையில் இருப்பதால், அதைக் கொண்டு தரவுத்தளத்தைத் திறக்க முடியாது.

எனவே பேக்கப்பைத் தரவுத்தளமே எழுத வேண்டும். திறமூலக் கருவி அதைச் சுமந்து சென்று பத்திரப்படுத்தினால் போதும். எஸ்.க்யூ.எல். சர்வரில் பேக்கப் கட்டளை உண்டு. ஆரக்கிளில் ஆர்மேன் என்ற பேக்கப் கருவி உண்டு. ஆரக்கிளை நிறுத்தாமல் பேக்கப் எடுக்க, மாற்றங்களின் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஆர்க்கைவ்லாக் முறை இயக்கத்தில் இருக்க வேண்டும்.

தரவுத்தள பேக்கப்பையும் ரெஸ்டிக்கையும் இணைக்கும் சிறிய ஸ்கிரிப்டை (கட்டளைக் கோப்பை) யாரும் பொருட்படுத்துவதில்லை. என் கணிப்பில் பாதி விபத்துகள் அங்கேதான் நேர்கின்றன. எஸ்.க்யூ.எல். சர்வரின் கட்டளைவரி நிரலுக்கு 'பி' என்ற விருப்பத்தைத் தராவிட்டால், பேக்கப் தோற்றாலும் எல்லாம் சரி என்றே அது திரும்பும். டிஸ்க் நிறைந்து இன்றைய கோப்பு உருவாகவில்லை என்றால், ரெஸ்டிக் நேற்றைய கோப்பைப் பொறுப்பாக அனுப்பிவைக்கும். பதினொரு மணிக்குத் தரவுத்தள பேக்கப், பதினொன்றரைக்கு ரெஸ்டிக் என்று கடிகாரத்தை நம்புவதும் இதே ரகம்தான். சீசனில் தரவு பெருகி முதல் வேலை இழுத்தால், பாதி எழுதிய கோப்புதான் நகலாகும். முதலாவது வெற்றியுடன் முடிந்தால் மட்டுமே இரண்டாவது தொடங்கட்டும்.

ஒரே பெயரில் தினமும் எழுதினால், பழைய பேக்கப்பை அழிக்கச் சொல்லாதவரை புதியது அதன் பின்னால் ஒட்டிக்கொண்டே போகும். டிஸ்க் ஏன் நிறைந்தது என்பதற்கு இதுவே விடையாக இருக்கலாம். எஸ்.க்யூ.எல். சர்வரின் எக்ஸ்பிரஸ் பதிப்பில், குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் ஏஜென்ட் சேவை கிடையாது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்தான் கை கொடுக்கும்.

எஸ்.க்யூ.எல். சர்வரை முழு மீட்பு முறையில் வைத்துவிட்டு, லாக் எனப்படும் மாற்றப் பதிவேட்டை பேக்கப் எடுக்காமல் இருப்பதும் வழக்கம். லாக் கோப்பு வளர்ந்து டிஸ்க்கை விழுங்கும். பிறகு எடைச்சீட்டே பதிவாகாது. ஒரு நாள் பதிவை இழந்தாலும் சமாளிக்கலாம் என்றால் எளிய மீட்பு முறைக்கு மாற்றிவிடலாம். இழக்க முடியாது என்றால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை லாக் பேக்கப் வேண்டும். அதற்கு முன், மென்பொருளை விற்றவர் ஏற்கெனவே ஏதாவது பேக்கப் வேலையை அமைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இரு கருவிகள் லாக் பேக்கப் எடுத்தால், ஒன்றைத் தொடர்ந்து ஒன்றாக வரும் அந்தச் சங்கிலி இரண்டு இடங்களில் சிதறிக் கிடக்கும். மீட்கும்போது இரண்டும் தேவைப்படும்.

ரெஸ்டிக் கடவுச்சொல் தொலைந்தால் தரவும் தொலைந்தது. பின்வாசல் எதுவும் இல்லை. தரவுத்தளத்துக்குக் குறியாக்கம் போட்டிருந்தால் அதன் சான்றிதழையும் சாவியையும் தனியே வைக்க வேண்டும். இவை அந்த சர்வரிலேயே மட்டும் இருந்தால் பயனில்லை.

மீட்டுப் பார்க்க ஏற்ற மாதம் ஏப்ரல். ஆலையில் பரபரப்பு தொடங்கியிராது. எஸ்.க்யூ.எல். சர்வர் 2019 பதிப்பில் எடுத்த பேக்கப் 2017 பதிப்பில் திறக்காது என்பதால், அதே பதிப்போ புதியதோ உள்ள வேறொரு கணினியில் மீட்டெடுங்கள். பிழைச் சோதனைக் கட்டளையை ஓடவிட்டு, கடைசி எடைச்சீட்டின் எண்ணை எடைமேடைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.