இஷாப்பூர் 2ஏ1-ஐ ஸ்கவுட் ரைஃபிளாக மாற்றுவது எப்படி: முன்கட்டையிலிருந்து தொடங்குங்கள்

போன குளிர்காலம் முழுக்க என் கராஜில் இந்த வேலைதான் நடந்தது. இப்போது துப்பாக்கி தயாராகி, ரேஞ்சில் முன்னூறு ரவுண்டுக்கு மேல் சுட்டாயிற்று. நான் எங்கே தடுக்கி விழுந்தேனோ அங்கே நீங்கள் விழக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். முதலில் ஒன்று. நான் இருப்பது அமெரிக்காவில், இங்கே சொந்தத் துப்பாக்கியின் கட்டையை மாற்றி அமைப்பது சட்டப்படி செய்யக்கூடிய பொழுதுபோக்கு. பேரல் 16 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக்கூடாது, அதோடு உங்கள் மாநிலச் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் தெரிந்துகொள்ள மட்டும் படியுங்கள். அங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியை உரிமம் இல்லாமல் மாற்றி அமைப்பதே குற்றம்.

இஷாப்பூர் ஏன்? ஊரில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் 'த்ரீ நாட் த்ரீ'யைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2ஏ1 அதன் தம்பி. வெளித்தோற்றம் பழைய எஸ்.எம்.எல்.ஈ (அந்த .303 லீ என்ஃபீல்டு) தான், ஆனால் கொல்கத்தா பக்கத்தில் இருக்கும் இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் 1960-களில் 7.62 நேட்டோ குண்டுக்கென்றே செய்யப்பட்டது. 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவத்துக்கு அவசரமாகத் துப்பாக்கி தேவைப்பட்ட காலம் அது. மேகஸின் 12 ரவுண்டு, சதுரமாகத் தொங்கும். முதலில் வந்த 2ஏ-வின் பின்பார்வை 2000 மீட்டர் வரை குறியிட்டிருக்கும், 2ஏ1-இல் அதை 800 மீட்டராகக் குறைத்தார்கள். .303-க்கு அடியில் விளிம்பு உண்டு, மேகஸினில் ஒன்றின் மேல் ஒன்று மாட்டிக்கொண்டு தொல்லை கொடுக்கும். 7.62-இல் அந்தப் பிரச்சினையே கிடையாது. இங்கே உபரி ராணுவச் சரக்காக வந்தபோது நூறு டாலர் அளவில் கிடைத்தது என்று பழைய ஆட்கள் ஏக்கத்தோடு சொல்வார்கள்.

ஸ்கவுட் ரைஃபிள் என்பது அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் சொன்ன வடிவம். ஒரு மீட்டருக்குள் நீளம், மூன்று கிலோ அளவில் எடை, ஸ்கோப் ரிசீவருக்கு (போல்ட் ஓடும் உலோக உடல்) மேலே இல்லாமல் முன்னால் பேரலின் மேல் உட்கார்ந்திருக்கும். அப்போது இரண்டு கண்ணையும் திறந்துவைத்துச் சுடலாம், போல்ட்டைக் கையாள மேலே இடமும் இருக்கும். எஸ்.எம்.எல்.ஈ-யின் பின்பார்வை பேரலின் மேல்தான் இருக்கிறது என்பதால் இந்த வடிவம் அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது.

எதை வாங்குவது

முழுசாக, எல்லா மரமும் ஒரிஜினலாக, நம்பர் பொருந்தி இருக்கும் 2ஏ1 கிடைத்தால் தயவுசெய்து அதை வெட்டாதீர்கள். துடைத்து எண்ணெய் போட்டு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அவை திரும்ப உற்பத்தியாகப் போவதில்லை. ஏற்கெனவே யாரோ பேரலை வெட்டி, கட்டையைக் குறைத்து, 'ஜங்கிள் கார்பைன்' என்று பெயர் வைத்து விற்றவை நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுங்கள். என்னுடையது அப்படிப்பட்டதுதான், 260 டாலர். பேரல் 20 அங்குலம், ஆகவே மொத்த நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர், நமக்குத் தேவையான அதே அளவு. பேரலை நீங்களே ரம்பத்தால் அறுக்கும் எண்ணம் இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அது லேத் உள்ள கன்ஸ்மித் வேலை.

கடையில் பார்க்க வேண்டியவை: ரிசீவர் நம்பரும் போல்ட் கைப்பிடியின் நம்பரும் ஒன்றா, பேரலுக்குள் வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா, வாய்ப்பக்கம் அடிபட்டிருக்கிறதா. வாங்கியதும் முதல் செலவு கன்ஸ்மித்திடம் ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில் குண்டுக்கு இருக்கும் இடம், பார்ப்பது. இந்தப் போல்ட் ஹெட் கையால் கழற்றி மாட்டக்கூடியது, எத்தனை கை மாறியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூடக்கூடாத அளவுள்ள கேஜை உள்ளே வைத்தும் போல்ட் மூடிக்கொண்டால் அந்தத் துப்பாக்கியைச் சுடக்கூடாது, அவ்வளவுதான். குண்டு விஷயத்திலும் நான் சாதாரண 147 கிரெய்ன் ராணுவ வகைக் குண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். கடையில் விற்கும் .308 வேட்டைக் குண்டு உள்ளே நுழையும், ஆனால் அறுபது வயது ஆக்‌ஷனிடம் அந்தச் சோதனை எனக்குத் தேவையில்லை.

கழற்றுவது: இந்த ஒரு வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்

சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். மேகஸின், போல்ட் இரண்டையும் எடுத்துவிடுங்கள். பின் ஹேண்ட்கார்டு பேரலைக் கிளிப்பால் பிடித்துக்கொண்டிருக்கும், நிதானமாக மேலே தூக்கினால் வந்துவிடும்.

இப்போது கவனம். இந்தத் துப்பாக்கிக்குக் கட்டை இரண்டு துண்டு: தோளில் வைக்கும் பட், பேரலுக்குக் கீழே ஓடும் முன்கட்டை. பட்டைப் பிடித்திருப்பது உள்ளே ஓடும் நீளமான ஒரு மரைபோல்ட் (சுடும் போல்ட் அல்ல). பட்டின் அடியில் இருக்கும் மூடியைத் திறந்து நீள ஸ்க்ரூடிரைவர் விட்டால் கழற்றிவிடலாம் என்று தோன்றும். நான் அப்படித்தான் செய்தேன். முன்கட்டை துப்பாக்கியில் இருக்கும்போதே பட் போல்ட்டைத் திருப்பினேன். அரைச் சுற்றில் 'டக்' என்று ஒரு சத்தம், சின்னச் சத்தம்தான், சுள்ளி ஒடிகிற மாதிரி. முன்கட்டையின் பின்முனையில் இரண்டு அங்குலத்துக்கு விரிசல்.

காரணம் இதுதான். அந்த போல்ட்டின் முன்முனை சதுரமாக இருக்கும். அது ரிசீவரைத் தாண்டி முன்கட்டைக்குள் இருக்கும் ஒரு சிறு தகட்டில் போய்ப் பூட்டிக்கொள்கிறது, போல்ட் தானாகத் தளரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. நீங்கள் போல்ட்டைத் திருப்பினால் அந்தச் சதுர முனை தகட்டோடு சேர்த்து மரத்தையும் முறுக்குகிறது. ஆகவே முன்கட்டை முதலில், பட் பிறகு. திரும்ப மாட்டும்போது பட் முதலில், முன்கட்டை கடைசியில். அதுவும் சதுர முனை தகட்டின் பள்ளத்துக்கு நேராக நிற்கும்படி நிறுத்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இதை ஒரு காகிதத்தில் எழுதி வேலை மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

(பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், "ஸ்க்ரூடிரைவர் போல்ட்டின் தலையையே தொடவில்லை, எதோ மெத்தென்று இருக்கிறது" என்று கேட்டிருந்தார். அந்தத் துளைக்குள் தோலிலோ கம்பளியிலோ ஒரு அடைப்பு இருக்கும். வளைந்த கம்பியால் அதை முதலில் வெளியே இழுத்துவிடுங்கள்.)

முன்கட்டையைக் கழற்ற ட்ரிகர் கார்டின் ஸ்க்ரூக்களை எடுத்து, ரிசீவருக்குக் கிட்டே பிடித்து நேர் கீழாக இழுங்கள். முன்முனையைப் பிடித்து நெம்புகோல் மாதிரி அழுத்தினால் பின்னால் மரம் சில்லு சில்லாகப் பெயரும். முன் ஸ்க்ரூவோடு ஒரு சிறிய உலோகக் குழாய், காலர் என்பார்கள், வரும். அதைத் தொலைக்காதீர்கள், அதற்கு ஒரு கதை இருக்கிறது. மரத்தின் குறுக்கே போகும் ஒரு ஸ்க்ரூவையும் பார்ப்பீர்கள், அது இஷாப்பூரில் மரம் பிளக்காமல் இருக்கப் போட்ட தையல், அதைத் தொட வேண்டாம்.

மரம்

அறுபது வருட எண்ணெயும் கிரீஸும் மரத்துக்குள் ஊறியிருக்கும். நான் கட்டையைக் காகிதத் துவாலையில் சுற்றி, கறுப்புக் குப்பைப் பைக்குள் போட்டு, வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைத்தேன். மாலையில் துவாலை பழுப்பாக நனைந்திருந்தது. நான்கு நாள் இப்படி. அடிபட்டுக் குழிந்த இடத்தில் ஈரத்துணியைப் போட்டு இஸ்திரிப்பெட்டியை வைத்தால் மரம் ஆவியில் உப்பி மேலே வந்துவிடும். சாண்ட்பேப்பர் அதிகம் வேண்டாம், முத்திரை இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

மேல்பூச்சுக்கு என் தேர்வு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்தான். பாலியூரித்தேன் பூசி மினுக்கிய ராணுவக் கட்டையைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். உள்ளங்கையில் சில சொட்டு விட்டு, கை சூடாகும் வரை தேய்த்து, ஒரு நாள் விட்டு மறுபடியும். துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், குவித்து வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தரையில் விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

பொருத்தம்: இங்கேதான் துப்பாக்கி நேராகச் சுடுமா என்று முடிவாகிறது

சுடும்போது ரிசீவர் பின்னால் உதைக்கிறது. அந்த உதையை வாங்குவது முன்கட்டையின் பின்பகுதியில் இடது வலது இரண்டு சிறு மரச்சுவர்கள், டிராஸ் என்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் உலோகத்தைத் தொட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தொட்டால் குறி அலையும், நாளடைவில் மரமும் பிளக்கும். சோதனை சுலபம்: ஸ்க்ரூ எதுவும் இல்லாமல் முன்கட்டையை மாட்டி, துப்பாக்கியைத் தூக்குங்கள். கட்டை தானாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், கழற்ற உள்ளங்கையால் ஒரு தட்டு தேவைப்பட வேண்டும். லொடலொடவென்று விழுந்தால் டிராஸ் தேய்ந்திருக்கிறது. என்னுடையது விழுந்தது.

எங்கே தொடுகிறது என்று பார்க்க இங்கே தனி நீலச்சாயம் விற்கிறார்கள். நான் வீட்டில் இருந்த கண்மையை எடுத்தேன். ரிசீவரின் உலோகத்தில் மெல்லிசாக இழுகி, கட்டையை மாட்டி, ஒரு தட்டு தட்டிக் கழற்றினால், தொட்ட இடத்தில் மட்டும் மரத்தில் கறுப்பு ஒட்டியிருக்கும். என் கட்டையில் இடது பக்கம் அரிசி அளவுக்கு ஒரு புள்ளி, வலது பக்கம் சுத்தமாக ஒன்றும் இல்லை. அந்த ஒரு புள்ளிதான் இத்தனை வருடமாக முழு உதையையும் வாங்கியிருக்கிறது.

உளியால் சுரண்டி இரண்டு பக்கத்தையும் சமமாக்குவது பழைய வழி. தொடக்கக்காரருக்கு எபாக்ஸிதான் நல்லது. அக்ராகிளாஸ் வாங்குங்கள், ஐந்து நிமிடத்தில் இறுகும் ஹார்டுவேர் கடைச் சரக்கு வேண்டாம், தப்பைத் திருத்த நேரமே கொடுக்காது. உலோகத்தில் எபாக்ஸி படக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் ஷூ பாலிஷ் இரண்டு கோட் போட்டுத் தேய்த்துவிடுங்கள். துளைகளையெல்லாம் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் அடையுங்கள். பாலிஷ் விட்டுப்போனால் கட்டையும் ரிசீவரும் ஒட்டியே போகும். டிராஸில் கொஞ்சமாக வைத்து, மாட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுக் கழற்றுங்கள். விரிசலையும் இதே எபாக்ஸியால் ஒட்டி, கிளாம்ப் போட்டு மூடினேன், இன்றுவரை பிடித்திருக்கிறது.

அந்தக் காலரின் கதை: மரம் காய்ந்து சுருங்கிவிட்டால் காலர் மரத்தைவிட உயரமாகிவிடும். ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் அது காலரில் போய் முட்டி நிற்கும், கை சொல்லும் இறுகிவிட்டது என்று, கட்டை மட்டும் ஆடும். காலரைத் துளித்துளியாக அரத்தால் ராவுங்கள். கடைசிக் கால் சுற்றில் மரம் நசுங்குவது கையில் தெரிய வேண்டும், அதற்குப் பிறகு காலரில் முட்டி நிற்க வேண்டும்.

குறுகிய பேரலின் முன்பகுதியை மரம் எங்கேயும் தொடாதபடி விட்டுவிட்டேன். ஒரு டாலர் நோட்டை பேரலுக்கும் மரத்துக்கும் இடையில் செருகி இழுத்தால் சேம்பர் பக்கம் வரை தடங்கலில்லாமல் வர வேண்டும்.

ஸ்கோப்

பின்பார்வையின் இலையைக் கழற்றி அந்த இடத்திலேயே உட்காரும் மவுண்டுகள் உண்டு, பேரலில் துளை போட வேண்டியதில்லை. இலையைப் பிடித்திருக்கும் பின்னைச் சரியான அளவுப் பஞ்ச்சால் தட்டுங்கள், ஆணியால் அல்ல. ஸ்கோப் நீண்ட கண்தூரம் கொண்டதாக, அதாவது கண்ணிலிருந்து தள்ளி வைத்தும் முழுசாகத் தெரிவதாக, இருக்க வேண்டும், சாதாரண வேட்டை ஸ்கோப்பை அங்கே வைத்தால் இருட்டுக்கு நடுவில் ஒரு பொட்டுதான் தெரியும். நான் பர்ரிஸ் 2.75 வைத்திருக்கிறேன், இதற்கு மேல் பெருக்கம் தேவைப்படவில்லை. ஸ்கோப்போடு எடை 3.7 கிலோ வருகிறது, கூப்பரின் கணக்குக்கு அதிகம்தான். எனக்குப் பரவாயில்லை.

கட்டையைத் தொடுவதற்கு முன் நூறு கஜத்தில் ஐந்து குண்டும் ஆறு அங்குலத்துக்குள் சிதறி விழுந்தன. பொருத்தம் முடிந்த பிறகு, அதே வகைக் குண்டில், இரண்டரை அங்குலம். முதல் இருபது ரவுண்டுக்குப் பிறகு முன் ஸ்க்ரூவை மறுபடி பார்த்தேன், கால் சுற்று இறங்கியது. உங்களுடையதும் இறங்கும், ஸ்க்ரூடிரைவரை ரேஞ்சுக்கு எடுத்துப் போங்கள்.