'மூன்று வண்ணங்கள்: நீலம்' – துக்கத்தின் இசையைக் கேட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலந்து இயக்குநர் கிஷ்லோவ்ஸ்கியின் 'மூன்று வண்ணங்கள்: நீலம்' (1993) படத்தைப் பற்றி எழுதுகிறவர்களும், அதன் பாதிப்பில் குறும்படம் எடுக்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். ஸ்பிக்னியெவ் பிரெய்ஸ்னரின் இசையை அவர்கள் பின்னணி இசையாகக் கேட்டுவிடுகிறார்கள். இந்தப் படத்தில் இசை ஒரு பாத்திரம். கார் விபத்தில் கணவன் பத்ரீஸையும் மகளையும் இழந்த ஜூலி வீட்டை விற்கலாம், பெயரை மாற்றிக்கொள்ளலாம், பாரீஸில் யாருக்கும் தெரியாமல் குடியேறலாம். இசையமைப்பாளரான கணவன் முடிக்காமல் விட்டுப்போன அந்த இசையை மட்டும் அவளால் உதற முடிவதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் தவறுகளில் பாதி தானாகவே விலகிவிடும்.

முதலில் திரை இருளும் இடங்கள். மருத்துவமனையில் ஒரு பத்திரிகையாளர் ஜூலியிடம் வந்து வணக்கம் சொல்கிறார். உடனே சாவு ஊர்வலத்தின் இசை முழு ஒலியுடன் பாய்கிறது, திரை கறுக்கிறது, பிறகு மீண்டும் அதே முகம், அதே நொடி. படத்தில் இது நான்கு முறை நடக்கிறது. 'ஃபேட் அவுட்' என்றால் காலம் கடந்துவிட்டது என்று பழகிய கண், இங்கே சில மணி நேரமோ சில நாளோ போய்விட்டதாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் ஒரு நொடிகூட நகரவில்லை. யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் முன் துக்கம் அவளை அடித்துவிட்டுப் போகிறது. அதைத்தான் இருட்டும் இசையும் சேர்ந்து காட்டுகின்றன.

இந்த உத்தியை எடுத்தாளும் குறும்படங்கள் தோற்பது பெரும்பாலும் ஒலிக்கலவையில். இசையை இரண்டு மூன்று நொடி ஃபேட்-இன் கொடுத்து மெல்ல உயர்த்துகிறார்கள். அப்படிச் செய்தால் பார்வையாளர் தயாராகிவிடுகிறார், அடி விழுவதில்லை. இசை முதல் ஸ்வரத்திலேயே முழு அளவில் தொடங்க வேண்டும். அதற்கு முன் வசனத்துக்குப் பிறகு சற்று இடம் விடுங்கள். அந்த இடைவெளியில் அறையின் இயல்பான சத்தம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதற்காகவே படப்பிடிப்பில் ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல், அசையாமல் ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது அந்த இடத்தின் வெறும் சத்தம், பதிவுசெய்து வையுங்கள். அது கையில் இல்லாவிட்டால் இடைவெளி வெறும் ஒலியற்ற ஓட்டையாகிவிடும், பார்வையாளர் ஒலிபெருக்கி பழுதோ என்று சந்தேகிப்பார். திரும்பி வரும்போதும் அப்படித்தான். படம் திரும்பியதும் பழைய சத்தம் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும்.

யார் கேட்கிறார்கள் என்பதைக் குறிக்காமல் விடுவது அடுத்த தவறு. ஒரே மெட்டு இங்கே வெவ்வேறு வாசல்கள் வழியாக வருகிறது. மருத்துவமனைப் படுக்கையில் அவள் பார்க்கும் சின்னத் தொலைக்காட்சியில் இறுதிச் சடங்கின் இசைக்குழு வாசிக்கிறது. அது கதை உலகுக்குள் ஒலிக்கும் இசை. பியானோவில் இசைத்தாளின் மீது அவள் கண் ஓட ஓட ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக எழுகின்றன; அது அவள் தலைக்குள் மட்டும் ஒலிப்பது, பியானோ மூடி படீரென்று விழுந்ததும் அறுந்துவிடுகிறது. இசைத்தாள்களைக் குப்பை வண்டி அரைக்கும்போது இசையும் கூடவே நசுங்கித் திரிகிறது. தெருவில் குழல் வாசிப்பவரோ அந்த மெட்டைத் தன் சொந்தக் கற்பனையாகவே வாசிக்கிறார். நீச்சல் குளத்திலிருந்து அவள் கையூன்றி எழும்போது இசை தாக்குகிறது, அவள் மறுபடி தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறாள். ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொண்டு பாருங்கள்: இசை வரும் நேரம், அது எங்கிருந்து வருகிறது, எதனால் நிற்கிறது. மூன்றாவது பத்திதான் அதிகம் பேசும். இந்தப் படத்தில் இசை தானாக முடிவது அரிது, பெரும்பாலும் எதாவது அதை வெட்டுகிறது.

'மெதுவான ஐரோப்பியப் படம்' என்ற முத்திரையும் ஒரு பொறி. மெதுவென்றால் நீளம் என்று எண்ணி ஷாட்டை இழுப்பவர்கள் அந்தச் சர்க்கரைக் கட்டியை நினைவில் கொள்ளட்டும். காபியில் பாதி நனையும் சர்க்கரைக் கட்டியை அவள் உற்றுப் பார்க்கும் அண்மைக் காட்சிக்கு, சுமார் 5 நொடியில் நனைந்துவிடும் கட்டியைத் தேடச் சொன்னதாக கிஷ்லோவ்ஸ்கியே விளக்கியிருக்கிறார். அதற்கு மேல் பார்வையாளரால் தாங்க முடியாது என்பது அவர் கணக்கு. நிதானம் என்ற பெயரில் நாம் காணும் ஒவ்வொரு அமைதிக்கும் இப்படி ஓர் அளவு இருக்கிறது.

படத்தில் பெயர் அடிபடும் வான் டென் புடன்மயர் என்ற டச்சு இசையமைப்பாளரைத் தேடி அலைவதையும் தவிர்க்கலாம். அப்படி ஒருவர் இருந்ததில்லை. பிரெய்ஸ்னரும் கிஷ்லோவ்ஸ்கியும் சேர்ந்து உருவாக்கிய கற்பனைப் பெயர் அது. 'வெரோனிக்கின் இரட்டை வாழ்க்கை' (1991) படத்திலும் வருகிறது.

பத்ரீஸின் இசையை முடிக்க முயலும் அவரது உதவியாளர் ஒலிவியேவும் ஜூலியும் அதைத் திருத்தும் காட்சியைப் பலர் கதையின் ஒரு படியாகப் பார்த்துக் கடந்துவிடுகிறார்கள். என் பார்வையில் படத்தின் உச்சம் அதுதான். தாள வாத்தியங்கள் வேண்டாம் என்கிறாள், அவை மறைகின்றன. எக்காளங்களும் போகின்றன. பியானோவின் இடத்தில் குழல் வருகிறது. ஒவ்வொன்றும் விலகும்போது நாமும் அதைக் கேட்கிறோம். படம் மெல்ல மங்கி, உருவங்கள் கலைந்து, காதுக்கு மட்டும் வேலை மிஞ்சுகிறது. துக்கத்தைச் சொல்ல வயலின் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டே போகும் இசையமைப்பாளர்கள் இந்தக் காட்சியைப் பத்து முறை பார்க்கலாம். இங்கே அவள் மீண்டு வருவது வாத்தியங்களைக் கழிப்பதில் தொடங்குகிறது. உங்கள் கலவையில் ஒரு முறை செய்து பாருங்கள்: எட்டு டிராக் இருந்தால் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வாருங்கள். காட்சி பொருள் இழக்கும் இடத்தில் நின்று, கடைசியாக நிறுத்தியதை மட்டும் திரும்பச் சேருங்கள்.

இசையை எழுதியது யார், கணவனா மனைவியா என்று தீர்ப்புச் சொல்ல முயல வேண்டாம். பத்திரிகையாளர் அதைக் கேட்கிறார், படம் பதில் தருவதில்லை.

இறுதிப் பாடலைப் பொருள் தெரியாமல் வெறும் கம்பீரமாகக் கேட்பதுதான் மிகப் பெரிய இழப்பு. கிரேக்க மொழியில் பாடப்படும் அந்த வரிகள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம். அன்பு இல்லாவிட்டால் எத்தனை பாஷை பேசினாலும் நான் ஓசையிடும் வெண்கலம்தான் என்று தொடங்கும் பகுதி. சப்டைட்டிலில் அது வரவில்லையென்றால் முன்பே படித்துவிட்டு உட்காருங்கள். கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள்: தாழ்ந்த தந்தி வாத்தியங்கள் அதில் அடிபட்டுப்போகும், தனிக்குரலுக்கும் கூட்டுக்குரலுக்கும் உள்ள தூரமும் தெரியாது. சாதாரண ஹெட்போன் போதும். ஒலியளவை முதல் வசனத்துக்கு ஏற்ப ஒரு முறை வைத்துவிட்டு, படம் முடியும்வரை கை வைக்காமல் விட்டுவிடுங்கள்.