மனைவிக்கு அமெரிக்க கிரீன் கார்டு: ஐ-864 படிவத்தை நிரப்புவது எப்படி?

"அக்கவுண்டில் எவ்வளவு பணம் காட்டணும்?" ஊரில் இருக்கும் மனைவியையோ கணவனையோ அமெரிக்காவுக்கு அழைக்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். மாணவர் விசாவுக்காக மாமாவிடம் கைமாற்று வாங்கி இரண்டு மாதம் பேங்கில் போட்டு வைத்துப் பழகியவர்கள் நாம், அந்த நினைப்பு லேசில் போகாது. ஆனால் ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழிப் படிவம் முதலில் பார்ப்பது ஸ்பான்சரின், அதாவது அழைக்கிறவரின், ஆண்டு வருமானத்தை. அது போதும் என்றால் பேங்க் ஸ்டேட்மென்ட் பக்கமே போக வேண்டாம்.

துணையை அழைக்க நீங்கள் போடும் ஐ-130 மனு ஏற்கப்பட்டு, கேஸ் என்.வி.சி. என்கிற தேசிய விசா மையத்துக்குப் போன பிறகு, 120 டாலர் கட்டணம் கட்டிவிட்டு இந்தப் படிவத்தை ஏற்ற வேண்டும்.

முதல் படி, தலை எண்ணுவது, எத்தனை பேர் என்பதைப் பொறுத்துதான் தேவையான வருமானம். எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான், நானும் சறுக்கினேன். நீங்கள், அழைக்கிற துணை, உங்களை நம்பி இருக்கும் பிள்ளைகள், வரிக் கணக்கில் காட்டும் மற்ற சார்ந்தவர்கள், முன்பு யாருக்காவது ஐ-864 கொடுத்து அந்தப் பொறுப்பு இன்னும் முடியவில்லை என்றால் அவர்கள், இத்தனை பேரையும் கூட்ட வேண்டும். படிவத்தில் முதலில் குடியேறுபவருக்கு 1, அப்புறம் உங்களுக்கு 1. அதற்கு அடுத்த வரி, 'திருமணமானவர் என்றால் துணைக்கு 1' என்று கேட்கும். கல்யாணம்தான் ஆகிவிட்டதே என்று நானும் 1 போட்டேன், மொத்தம் 3 வந்தது. என் சம்பளம் இரண்டு பேருக்குப் போதும், மூன்று பேருக்குக் கொஞ்சம் உதைத்தது. ஒரு வாரம் தூக்கம் இல்லை. கடைசியில் நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியப்பா மகனுக்கு போன் போட்டு, கூட ஸ்பான்சராக நிற்க முடியுமா என்று இழுத்து இழுத்துக் கேட்டேன். அண்ணன் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "டேய், உன் பொண்டாட்டியை ரெண்டு தடவை எண்ணியிருக்கியேடா" என்று சிரித்தார். அழைக்கப்படுபவரே உங்கள் துணை என்றால் அந்த வரியில் 1 போடக் கூடாது. ஒருவரை ஒரு முறைதான் எண்ண வேண்டும்.

இரண்டாவது, அட்டவணை. ஐ-864பி என்று தனியாக இருக்கிறது, வருடா வருடம் மாறும், அதனால் அனுப்பும் நாளில் புதியதை எடுத்துப் பாருங்கள். வறுமைக் கோட்டு வருமானத்தில் 125 சதவீதம் உங்களுக்கு இருக்க வேண்டும். 2025 கணக்கில் இரண்டு பேருக்கு 26,437 டாலர், மூன்று பேருக்கு 33,312. என் தூக்கம் போனது அந்த இடைவெளியில்தான். அலாஸ்கா, ஹவாய் இரண்டுக்கும் தொகை கூடுதல். ராணுவத்தில் பணியில் இருப்பவர் துணையை அழைத்தால் 100 சதவீதமே போதும்.

மூன்றாவது, காகிதங்கள். ஐ.ஆர்.எஸ். என்கிற அமெரிக்க வரித்துறையின் தளத்தில் கணக்கு தொடங்கினால், கடைசி வருட வரிக் கணக்கின் சுருக்கமான ட்ரான்ஸ்கிரிப்ட் இலவசமாகக் கிடைக்கும். அதைக் கொடுத்துவிட்டால் முழு வரிக் கணக்கையும் நகல் எடுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. போன வருடம் சம்பளம் குறைவு, இப்போது நல்ல வேலை என்றால் பயப்பட வேண்டாம், இப்போதைய வருமானத்துக்கு நிறுவனத்தின் கடிதமும் சம்பளச் சீட்டுகளும் வையுங்கள். உங்கள் வருமானம் டபிள்யூ-2 என்ற ஆண்டு வருமானச் சான்றில் வரும் சம்பளமோ பென்ஷனோ மட்டும்தான், அழைப்பதும் ஒரே ஒருவரை என்றால் ஐ-864ஈஇசட் (I-864EZ) என்ற சுருக்கப் படிவம் போதும்.

வருமானம் இடித்தால்தான் சொத்துக் கணக்கு. ஒரு வருடத்துக்குள் காசாக்கக் கூடியதாக இருக்க வேண்டும். குடிமகன் துணையை அழைத்தால் குறைகிற தொகையைப் போல் 3 மடங்கு, கிரீன் கார்டுக்காரர் என்றால் 5 மடங்கு. அதாவது 4,000 டாலர் குறைந்தால் 12,000 அல்லது 20,000. ஊரில் மனைவி பெயரில் இருக்கும் எஃப்.டி.யும் மனையும்கூடச் சேரும், தமிழ்ப் பத்திரத்துக்கு மட்டும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஆனால் அவர் சென்னையில் வாங்கும் சம்பளம் சேராது. இங்கே வந்த பிறகும் அதே இடத்திலிருந்து வருமானம் தொடரும் என்றால்தான் அதற்கு மதிப்பு.

அதுவும் போதவில்லை என்றால் ஜாயின்ட் ஸ்பான்சர், அதாவது உங்களோடு பொறுப்பேற்கும் இன்னொருவர். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை, அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ போதும். அவர் தனியாக ஒரு ஐ-864 கொடுப்பார், அதற்காக உங்கள் படிவத்தை விட்டுவிட முடியாது. கையெழுத்து வாங்கும் முன் அவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள்: வந்தவர் குடியுரிமை பெறும் வரையோ 40 காலாண்டு (சுமார் பத்து வருட) வேலைக் கணக்கு சேரும் வரையோ இந்தப் பொறுப்பு தொடரும், நாளைக்கே உங்களுக்கு விவாகரத்து ஆனாலும் தீராது. அண்ணனிடம் கேட்ட அன்று எனக்கே இது தெரியாது.

கையெழுத்தைப் பேனாவால் போட்டு ஸ்கேன் செய்யுங்கள், பெயரை டைப் அடித்தால் செல்லாது.

மும்பை நேர்காணலுக்கு என் மனைவி மூன்று கிலோ ஃபைலைச் சுமந்துகொண்டு போனாள். அதிகாரி கேட்டது ட்ரான்ஸ்கிரிப்டும் கடைசி சம்பளச் சீட்டும். படிவ நகலோடு அந்த இரண்டும் ஃபைலின் மேலே இருக்கட்டும், கல்யாண ஆல்பம் அடியில் போகட்டும்.