வத்தல்மலையில் பழகி லடாக்கில் மிதிக்கலாம்: முதல் மலைச் சைக்கிள் பயணத்துக்கு ஒரு செய்முறை

கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகப் போகும் 44-ம் எண் நெடுஞ்சாலையை விடாமல் பிடித்து வடக்கே போனால் ஸ்ரீநகர் வந்துவிடும். அங்கிருந்து லடாக்கின் தலைநகர் லே சுமார் 420 கி.மீ. லடாக் என்றதும் எல்லாரும் மணாலி பாதையைத்தான் சொல்வார்கள். புதியவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அதில் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டரைத் தாண்டும். நடுவே 4,200 மீட்டருக்கு மேல் கூடாரத்தில் தூங்கியாக வேண்டும். ஸ்ரீநகர் பாதையில் மிக உயரமான இடமே ஃபோட்டு லா, 4,108 மீட்டர்தான். வழியில் ஊர்களும் உண்டு. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை போகலாம்.

படி 1: உள்ளூர் மலை

மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். நம் ஊர் வெயிலுக்கு விடியற்காலை ஐந்து மணிதான் சரி. முதல் மாதம் சமதளத்தில் 30, 40 கி.மீ. போதும். அப்புறம் தருமபுரி பக்கத்து வத்தல்மலை. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். நான் முதல் நாள் நாலாவது வளைவிலேயே இறங்கித் தள்ளினேன். பால் கேனோடு வண்டியில் வந்தவர், "ஏந்தம்பி, பஸ்ஸுதான் மேல வரைக்கும் போகுதே" என்றார்.

செய்த தப்பு இதுதான்: வளைவுக்குள் போன பிறகு கியரைக் குறைத்தேன். வளைவு வரும் முன்பே குறைத்துவிடுங்கள். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். இறங்கும்போது பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே வராமல் விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

கடைசி மாதம் எட்டு கிலோ அரிசியைக் கேரியரில் கட்டிக்கொண்டு சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து ஏறுங்கள். தொப்பூர் கணவாய்ப் பக்கம் மட்டும் வேண்டாம், லாரிகள் ஜாஸ்தி. ஒகேனக்கல் இறக்கத்தில் சாயங்காலம் யானை வரும், காலையிலேயே திரும்பிவிடுங்கள்.

படி 2: சைக்கிள்

புதுசு வாங்க வேண்டியதில்லை. முன்னால் உள்ள சின்னச் செயின் வீலும் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரமும் ஏறக்குறைய சம பல் எண்ணிக்கையில் இருந்தால் போதும். இரண்டு ட்யூப், பஞ்சர் பொருள்கள், பம்பு, புது பிரேக் கட்டைகள் எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் அனுப்ப அட்டைப்பெட்டி சைக்கிள் கடையில் கேட்டால் கிடைக்கும்.

படி 3: உயரம்

இதை வத்தல்மலை கற்றுத் தராது. 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கால் எவ்வளவு பலமாக இருந்தாலும் உடம்பு அந்தக் காற்றுக்குப் பழக நாள் கொடுக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இன்று தூங்கும் இடம் நேற்றைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது.

சோனமார்க்கில் இரண்டு இரவு தங்குங்கள். பிறகு சேறும் லாரியுமான ஜோஜி லா கணவாயைத் தாண்டி திராஸ். மறுநாள் கார்கிலுக்கு இறக்கம். கிட்டத்தட்ட 2,700 மீட்டர் உயரம்தான் என்பதால் உடம்பு தேறும், அங்கேயும் ஒரு நாள் கூடுதலாக இருங்கள். அடுத்து முல்பெக், லாமாயூரு. கல்சிக்குப் பிறகு பெரும்பாலும் சிந்து நதிப் பக்கமாகவே லே.

தலைவலி, வாந்தி வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ நடை தள்ளாடினாலோ, இரவானாலும் வண்டி பிடித்துக் கீழே இறங்கிவிட வேண்டும். மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 4: அன்றாட ஓட்டம்

ஆறு மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் ஊர் சேருங்கள். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் எதிர்க்காற்று வந்தால் இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருக்கும். லேவில் ஆண்டு மழையே சுமார் 100 மி.மீ.தான். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது, மணி பார்த்துத் தண்ணீர் குடியுங்கள். குளிராக இருக்கிறதே என்று முழுக்கைச் சட்டையை மட்டும் நம்பினால் வெயிலில் மூக்கும் காதும் தோலுரியும். கடலை மிட்டாய் நிறைய எடுத்துப் போங்கள். ராகி மாவு வேண்டாம். 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், களி கிண்டி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுக்கு மாறிவிட்டுக் கிளம்புங்கள்.