மேடை மேல் வைக்கும் ஸ்டீம் ஓவன்: வாங்கலாமா, வேண்டாமா? முடிவு செய்ய ஒரு செய்முறை

தினமும் இட்லி அவிக்கிற வீட்டுக்கு ஸ்டீம் ஓவன் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். தினமும் இட்லி அவிக்கிற வீட்டுக்குத்தானே அது வேண்டும் என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெறும் ஆவியில் வேகவைக்க மட்டும் என்றால் வாங்க வேண்டாம், இட்லிக் குண்டாவே போதும். ஆவியும் சூடான காற்றும் சேர்ந்து செய்கிற வேலை உங்கள் சமையலில் வாரத்துக்கு மூன்று நாலு நாள் வருகிறது என்றால், அப்போது தாராளமாக யோசிக்கலாம். அப்படி வருகிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ள படிகள். ஓவன் பக்கமே போகாதவர்களும் செய்து பார்க்கலாம்.

படி 1: பெயரை விட்டுவிட்டு தண்ணீர்த் தொட்டியைத் தேடுங்கள்

கடையிலும் இணையத்திலும் "ஸ்டீம்" என்ற சொல்லை மூன்று விதமான மிஷின்களுக்குப் போடுகிறார்கள். முதலாவது, சாதாரண மைக்ரோவேவ். அதற்குள் வைக்க ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் மூடியும் கொடுத்து "ஸ்டீம் குக்" என்று பொத்தான் வைத்திருப்பார்கள். இது ஸ்டீம் ஓவன் கிடையாது. இரண்டாவது, ஆவி மட்டும் தருவது. சூடு 100 டிகிரிக்கு மேல் போகாது, எதுவும் சிவக்காது. மூன்றாவது, ஆவியோடு, மின்விசிறியால் சூடான காற்றைச் சுழற்றும் கன்வெக்‌ஷனும் சேர்ந்தது. இதில் 200 டிகிரிக்கு மேலும் போகலாம். ஆவி மட்டும், காற்று மட்டும், இரண்டும் சேர்ந்து என்று மூன்று வழியிலும் ஓட்டலாம். இதைத்தான் காம்பி என்கிறார்கள். காசு கொடுக்கத் தகுதியானது இது ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

கடையில் கேட்க ஒரே கேள்வி போதும்: "தம்பி, இதுல தண்ணி ஊத்துற தொட்டி எங்கீங்க?" கழற்றி எடுக்கிற மாதிரி ஒரு தொட்டியை உருவிக் காட்டினால் மேலே பேசலாம். "கிண்ணத்துல ஊத்தி உள்ள வெச்சா போதுங்க்கா" என்றால் அது முதல் வகை, நகர்ந்துவிடுங்கள்.

தொட்டி உள்ளவற்றிலும் இரண்டு விதம் உண்டு. ஈரோடு, கோபி பக்கம் மஞ்சள் வேகவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். முன்பெல்லாம் கொப்பரையில் தண்ணீர் விட்டு மஞ்சளை அதிலேயே போட்டு வேகவைப்பார்கள். இப்போது பாய்லர் தனியாக நிற்கும், ஆவி மட்டும் குழாய் வழியாக மஞ்சள் இருக்கிற டிரம்முக்கு வரும். ஓவனிலும் அப்படித்தான். சிலதில் சிறு பாய்லர் தனியாக மறைந்திருக்கும். சிலதில் அடித்தட்டில் உள்ள ஒரு குழியிலேயே தண்ணீர் கொதிக்கும். பாய்லர் உள்ளது ஆவியைச் சீராகத் தரும், ஆனால் உள்ளே உப்புப் படிந்தால் கண்ணுக்குத் தெரியாது. குழி உள்ளதில் படிவது கண்ணெதிரே தெரியும், துடைத்துவிடலாம். எங்கள் பக்கத்துத் தண்ணீருக்கு இது பெரிய விஷயம். ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

படி 2: ஆவியால் ஆகிறதும் ஆகாததும்

ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 70 கிலோகலோரி போதும். அதே தண்ணீரை ஆவியாக்க மேற்கொண்டு சுமார் 540 கிலோகலோரி வேண்டும். அந்த ஆவி இட்லி மாவின் மேல் பட்டுத் திரும்பத் தண்ணீராகும்போது, வாங்கிய சூடு அத்தனையையும் அங்கே கொட்டிவிடும். 100 டிகிரி வெறும் காற்றில் காய்ந்துபோகிற பண்டம், 100 டிகிரி ஆவியில் மளமளவென்று வேகக் காரணம் இதுதான். ஓவன் கதவைத் திறக்கும்போது முகத்தை நேரே நீட்டக்கூடாது என்பதற்கும் இதுவேதான் காரணம். ஆவிச் சூடு கொதிநீர்ச் சூட்டைவிடப் பொல்லாதது.

ஆனால் அழுத்தம் இல்லாமல் தண்ணீரிலிருந்து எழும் ஆவிக்கு 100 டிகிரிதான் எல்லை. குக்கரில் வெயிட் போட்டு அழுத்தம் ஏறும்போது உள்ளே 120 டிகிரிக்குப் பக்கம் போகும். அதனால் கொள்ளு, கொண்டைக்கடலை, மட்டன் எல்லாம் குக்கரின் வேலை. அரிசியும்பருப்பும் சாதம் ஸ்டீம் ஓவனிலும் வேகும், ஆனால் மூன்று விசிலில் ஆகிற சோற்றுக்கு முக்கால் மணி நேரம் காத்திருக்க யாருக்கும் மனசு வராது. குக்கரை எடுத்துப் பரணில் போட்டுவிடலாம் என்ற நினைப்பில் இதை வாங்கினால் ஏமாற்றம்தான். வால்பாறை மாதிரி உயரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: அங்கே தண்ணீர் 100க்கு முன்னாலேயே, 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். வேக இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

படி 3: தினசரி காலண்டர் தாளில் எழுதுங்கள்

இரண்டு வாரம் போதும். ராத்திரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது அதன் பின்பக்கத்தில், அன்றைக்கு என்ன அவித்தீர்கள், என்ன சூடு பண்ணினீர்கள், என்ன சுட்டீர்கள் என்று மூன்றே வரி எழுதுங்கள். சூடு பண்ணியதை விட்டுவிடாதீர்கள். மீதமான சாதம், நேற்றைய சப்பாத்தி, ஃபிரிட்ஜில் இருந்த பொரியல் என்று பெரும்பாலான வீடுகளில் ஸ்டீம் ஓவனுக்கு அதிக வேலை இருக்கப்போவது அங்கேதான். மைக்ரோவேவில் வைத்த சாதம் ஓரத்தில் விறைத்துப்போகும். ஆவியில் வைத்தால் இப்போது வடித்த மாதிரி இருக்கும்.

இரண்டு வாரம் கழித்துத் தாள்களைப் பரப்பிப் பாருங்கள். இட்லி, இட்லி, கொழுக்கட்டை, இட்லி என்று மட்டும் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். ஒரு நல்ல இண்டக்‌ஷன் அடுப்பும் அதற்கேற்ற அடியுள்ள குண்டாவும் அதே வேலையைச் செய்யும். பிரெட், கேக், சிக்கன், மீன், காய்கறி, சூடுபண்ணல் என்று கலந்து வந்திருந்தால் மேலே படியுங்கள்.

படி 4: வாங்காமலே ஒத்திகை பாருங்கள்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த படி, தயவுசெய்து தாண்டிப்போகாதீர்கள். ஆவியில் வெந்த சாப்பாடு உங்கள் வீட்டில் செல்லுபடியாகுமா என்று ஏற்கெனவே இருக்கிற பாத்திரத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் முட்டை. இட்லிக் குண்டாவில் தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகு, தட்டில் நாலு முட்டையை வைத்து மூடி 12 நிமிடம் விடுங்கள். எடுத்ததும் பச்சைத்தண்ணீரில் போட்டு உரியுங்கள். தண்ணீரில் போட்டு வேகவைத்ததைவிட ஓடு லேசாகக் கழன்று வரும்.

அடுத்து காய். பீன்ஸ், கேரட்டை ஆவியில் ஏழெட்டு நிமிடம் வைத்து, பிறகு கடுகு, தேங்காய் தாளித்துக் கொட்டுங்கள். நிறமும் கடியும் நிற்கும். கொதிநீரில் கரைந்து வெளியே போகிற வைட்டமின் சி, ஃபோலேட் போன்றவை ஆவியில் அவ்வளவாகப் போகாது. இதை வீட்டில் எல்லோரும் விரும்பிச் சாப்பிடுகிறார்களா என்று கவனியுங்கள். "காய் வேகவே இல்லையே கண்ணு" என்று அமுச்சி (பாட்டி) தட்டை நகர்த்தி வைத்தால் அதையும் கணக்கில் எழுதுங்கள். அவர் சொல்வதும் சரியான தகவல்தான்.

மூன்றாவது, வீட்டில் ஓடிஜி (மேடை மேல் வைக்கும் சாதாரண மின் ஓவன்) இருந்தால் பிரெட். ஓவன் சூடேறும்போதே கீழ்த்தட்டில் ஒரு இரும்புத் தட்டை வைத்துவிடுங்கள். மாவை உள்ளே வைக்கும்போது அந்தத் தட்டில் ஒரு டம்ளர் கொதிநீரை, கண்ணாடிக் கதவில் தெறிக்காமல், ஊற்றிக் கதவை மூடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்துத் தட்டை எடுத்துவிடுங்கள். ஆரம்பத்தில் ஈரம் இருப்பதால் மேல்தோல் சீக்கிரம் இறுகாது. மாவு முழுசாக உப்பும், பிறகு காய்ந்த சூட்டில் தோல் பளபளவென்று மொறுமொறுப்பாகும். காம்பி ஓவன் இதையே பொத்தானில் செய்கிறது. தட்டு வைத்துச் செய்ததே உங்களுக்குத் திருப்தியாக இருந்தால், பிரெட்டுக்காக என்று தனியாகச் செலவு செய்யத் தேவையில்லை.

சந்தகை பற்றி ஒரு வார்த்தை. அரிசி மாவை உருண்டைகளாக அவித்து நூலாகப் பிழிவதுதான் சந்தகை. எங்கள் பக்கம் விருந்தாளி வந்தால் சந்தகையும் தேங்காய்ப்பாலும் இல்லாமல் இருக்காது. அதில் சிரமம் அவிப்பதில் இல்லை, பிழிவதில்தான். ஒருவர் மிஷினில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பிழிந்துகொண்டிருக்கும்போது மற்றவை ஆறி இறுகிவிடும், கை ஓய்ந்துபோகும். ஸ்டீம் ஓவனில் அவித்தவற்றை ஆவியிலேயே விட்டு, சுடச்சுட இரண்டிரண்டாக எடுத்துப் பிழியலாம். அடியில் தண்ணீர் வற்றிவிட்டதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். உண்மையிலேயே இது நல்ல உதவி. ஆனால் மாசத்துக்கு ஒரு முறை சந்தகை என்றால் அதற்காக மட்டும் யாரும் ஓவன் வாங்க மாட்டார்கள்.

படி 5: நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?

கொங்கு நாட்டில் ஸ்டீம் ஓவன் வாங்குகிறவர்கள் வேறு எதைவிடவும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்களுக்குக் கவலை குறைவு. ஆனால் சூலூர், அவிநாசி, காங்கேயம், தாராபுரம் என்று போனால் ஆயிரம் அடி போர் தண்ணீர்தான் பல வீடுகளில் குழாயில் வருகிறது. நல்ல தண்ணி தனிக் குழாய், உப்புத் தண்ணி தனிக் குழாய் என்று இரண்டு வைத்துப் பழகியவர்கள் நாம்.

பக்கெட்டில் போட்டு வெந்நீர் வைக்கிற ஹீட்டர் இருந்தால் அதன் கம்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறதா? அதே படிவுதான் ஓவனின் பாய்லருக்குள்ளும் படியும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், கால்சியம் கார்பனேட் தங்கிவிடும். படிவு ஏற ஏற சூடு கடத்துவது குறையும், ஆவி வரும் சிறு துளைகள் அடைக்கும், கடைசியில் ஹீட்டர் போகும்.

ஆகவே தொட்டியில் எப்போதும் குடிக்கிற நல்ல தண்ணியையே ஊற்றுங்கள். ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா என்பதை மட்டும் அந்தந்த மிஷினின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் வழியாகச் செல்லும் மின்னோட்டத்தை வைத்து அளவைக் கண்டுபிடிக்கிற சென்சார் உள்ள சில மிஷின்கள், உப்பே இல்லாத தண்ணீரை ஊற்றினால் தொட்டி காலி என்று நினைத்துக்கொள்ளும்.

படிவை எடுக்கப் பெரும்பாலும் சிட்ரிக் ஆசிட் போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கரைத்து, மிஷினில் உள்ள படிவு நீக்கும் முறையில் ஓட்டி, பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு முறை ஓட்டிக் கொட்ட வேண்டும். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இதைத் தவறாமல் செய்ய வீட்டில் ஒருவராவது பொறுப்பெடுப்பார்களா? இல்லையென்றால் வாங்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்வேன். கவனிக்காமல் விட்ட ஸ்டீம் ஓவன் சீக்கிரம் பழுதாகும்.

படி 6: பிளக்கும் இடமும்

பின்பக்க ஸ்டிக்கரில் வாட் எவ்வளவு என்று பாருங்கள். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பிளக் 1,380 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் என்றால் 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். கிரைண்டர், ஃபிரிட்ஜ் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இதையும் சொருகக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டரிலும் ஓடாது, கரண்ட் போனால் வேலை நின்றுவிடும்.

அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகள் அங்கிருந்து வாங்கி வருகிறேன் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே 120 வோல்ட். இங்கே ஓட்டக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், பழுதானால் உதிரிபாகமும் கிடைக்காது.

ஓவனிலிருந்து ஆவி வெளியே வரும் துளை பின்னாலா, பக்கவாட்டிலா, மேலேயா என்று பார்த்து, அந்தப் பக்கம் பிளைவுட் அலமாரி இல்லாத இடமாக வையுங்கள். தினமும் ஆவி பட்டால் பிளைவுட் ஊறி உப்பிவிடும். ஜன்னல் ஓரம் நல்லது.

படி 7: கடைக்கு இன்ச் டேப்பும் இட்லித் தட்டும் கொண்டுபோங்கள்

கூச்சப்பட வேண்டாம். லிட்டர் கணக்கைவிட, உங்கள் தட்டு உள்ளே போய்க் கதவு மூடுகிறதா என்பதுதான் முக்கியம். ஒரே சமயத்தில் எத்தனை தட்டு வைக்கலாம் என்றும் பாருங்கள். ஓவனின் மேல்கூரை தட்டையாக இருப்பதால் ஆவி தண்ணீராகி மேல் தட்டில் சொட்டும். குண்டா மூடி வளைந்திருப்பதால் தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும். எனவே இட்லிக்கு மேலே ஒரு காலித் தட்டை வைக்க இடம் இருக்க வேண்டும்.

கிரைண்டருக்கும் மோட்டார் பம்புக்கும் பேர்போன ஊர்க்காரர்கள் நாம். எந்த மிஷின் வாங்கினாலும் ரிப்பேருக்கு எங்கே கொடுப்பது என்று முதலில் கேட்கிற பழக்கம் நமக்கு உண்டு. அதை இங்கேயும் விட்டுவிட வேண்டாம். கதவு ரப்பர், தண்ணீர் பம்ப், ஹீட்டர் மூன்றும் உள்ளூர் சர்வீஸ் சென்டரில் கிடைக்குமா, வாரன்டியில் உப்புப் படிவால் வரும் பழுது சேருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

படி 8: ஒரு தடவைக்கு எவ்வளவு?

விலை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், ஐந்து வருஷம் உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு நாலு முறை ஓட்டினால் 1,040 முறை ஆகும். ஒரு முறைக்கு 29 ரூபாய். வாரத்துக்கு ஒரே முறை என்றால் 115 ரூபாய்க்கு மேல். கரண்ட் தனி. 1,500 வாட் மிஷின் முழு வேகத்தில் 40 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட். இரண்டு மாதக் கரண்ட் பில்லில் ஸ்லாப் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். உங்கள் பில் ஏற்கெனவே அடுத்த ஸ்லாபின் விளிம்பில் நிற்கிறதா என்று பாருங்கள்.

காலண்டர் தாளில் எழுதிய எண்ணிக்கையை இந்தக் கணக்கில் போட்டால் உங்கள் விடை வந்துவிடும். காலையில் வேலைக்கு ஓடுகிற இருவர், அல்லது அடுப்பு முன்னால் அதிக நேரம் நிற்க முடியாத பெரியவர் சமைக்கிற வீடு என்றால், கணக்கு கொஞ்சம் இடித்தாலும் நான் வாங்கச் சொல்வேன். நேரம் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம், முடிந்ததும் தானாக அணையும். ஏழெட்டுப் பேர் இருக்கிற கூட்டுக் குடும்பத்துக்கு இது சின்னது. ஓவன் இரண்டு ஈடு எடுப்பதற்குள் குண்டாவில் எல்லோருக்கும் அவித்து இறக்கிவிடலாம்.

வாங்குவது என்று முடிவானால், முதல் நாள் உணவு எதுவும் வைக்காமல் நல்ல தண்ணி ஊற்றி அரை மணி நேரம் ஆவியில் ஓட்டுங்கள். புது மிஷின் வாடை போகும். எந்த மூலையில் ஆவி கசிகிறது, கீழே தண்ணீர் சொட்டுகிறதா என்பதும் அப்போதே தெரியும். கசிந்தால் உடனே வீடியோ எடுத்து, பில்லோடு கடைக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்ளே துடைத்து, நன்றாகக் காயும்வரை கதவை ஒரு விரல் அகலம் திறந்தே விடுங்கள்.