டிஸ்க் இல்லாமலே விண்டோஸ் நிறுவலாம்

போன வாரம் உப்புவெளியில் பக்கத்து வீட்டுத் தம்பியின் லேப்டாப்பில் விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. டிவிடி டிரைவ் வேலை செய்யவில்லை, கையில் பென் டிரைவும் இல்லை. திருகோணமலை டவுனுக்குப் போகாமலே முடித்தோம்.

கணினி ஓரளவு இயங்கினாலே போதும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸின் ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது நிறுவல் டிஸ்கில் இருப்பதெல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பை, இறக்குங்கள். 5 ஜிபிக்கு மேல் வரும், இரவு டேட்டாவில் போட்டுவிடலாம். அதை செவன்-ஜிப் என்ற கோப்பு விரிக்கும் மென்பொருளால் டி டிரைவில் ஒரு ஃபோல்டருக்குள் விரித்து வையுங்கள். சி-யில் வேண்டாம், அதைத்தான் அழிக்கப் போகிறோம். படங்கள், பத்திரங்கள் எல்லாவற்றையும் முதலில் வேறு இடத்தில் நகல் எடுங்கள். டிரைவைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் எழுதி வையுங்கள்.

அப்புறம் ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத்திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் கட்டளை தட்டும் திரை வரும். இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். தம்பியின் லேப்டாப்பில் டி டிரைவ் ஈ டிரைவ் ஆகிவிட்டது. நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஃபைல், ஓப்பன் போனால் எல்லா டிரைவும் தெரியும். சரியான எழுத்தைப் பார்த்துக்கொண்டு கட்டளைத் திரைக்குத் திரும்புங்கள். விரித்து வைத்ததற்குள் சோர்சஸ் ஃபோல்டரில் இருக்கும் செட்டப்பை முழுப் பாதையோடு, அதாவது டிரைவ் எழுத்து, ஃபோல்டர் பெயர்களோடு, தட்டி என்டர் கொடுங்கள்.

டிஸ்க்கின் எந்தப் பகுதியில் (பார்ட்டிஷன்) நிறுவுவது என்று கேட்கும்போது அவசரப்படாதீர்கள். அங்கே சி, டி என்று எழுத்து வராது. அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும், முன்கூட்டியே குறித்து வையுங்கள். பழைய சி-யை மட்டும் ஃபார்மட் செய்யுங்கள். முடியும்வரை சார்ஜரைக் கழற்ற வேண்டாம்.