ஓ-யூ-ஜி-எச்: புதிதாக ட்யூஷன் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டப்படிப்பை முடித்த கையோடு வீட்டுத் திண்ணையில் மாலை ட்யூஷன் தொடங்கும் தம்பி தங்கைகளைப் பார்க்கிறேன். ஓ-யூ-ஜி-எச் என்ற நான்கு எழுத்தும் சேர்ந்து வரும் ஆங்கிலச் சொற்களில், எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் விழுந்த அதே பள்ளத்தில்தான் இவர்களும் விழுகிறார்கள். கையெழுத்து, எழுத்து விடுபடுவது போன்றவை தாமாகச் சரியாகிவிடும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே விதி தேடுவது

கிடைக்காது. ஜி-எச் ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து எழுந்த ஒலி. பிறகு சில சொற்களில் மறைந்தது. 'ரஃப்', 'டஃப்', 'காஃப்' போன்றவற்றில் 'ஃப்' ஆனது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் அமைத்த பின் எழுத்து மெல்ல உறைந்தது. ஒலியோ மாறிக்கொண்டே போனது. ஆகவே ஒலி ஒத்தவற்றைச் சேர்த்து, ஒரு நாளைக்கு ஒரு கூட்டம் நடத்துங்கள். இன்று 'ரஃப்', 'டஃப்', 'இனஃப்'. 'தோ', 'த்ரூ' இரண்டும் வேறு வேறு நாள்.

சொல்லுக்குக் கீழே உச்சரிப்பைத் தமிழில் எழுதுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். இந்தக் கட்டுரையில் நான் தமிழில் எழுதுவது எந்தச் சொல் என்று உங்களுக்குச் சுட்ட மட்டுமே; பிள்ளையின் நோட்டில் அதற்கு இடமில்லை.

'விலைக்கு வாங்கினான்' என்ற சொல்லுக்குக் கீழே 'பாட்'. பானைக்கும் 'பாட்'. 'சண்டையிட்டான்' என்பதற்கு நீங்கள் 'ஃபாட்' என்று எழுதினாலும், பிள்ளை ஆய்தத்தை விட்டுவிடும், அதுவும் 'பாட்'. 'இருந்தாலும்' என்ற பொருள் தரும் 'தோ'வின் முதல் ஒலி வேறு, 'நினைத்தான்' எனும் 'தாட்'டின் முதல் ஒலி வேறு. நம்மிடம் இரண்டுக்கும் ஒரே 'த'. இப்படி எழுதிக் கொடுத்ததும் பிள்ளை ஆங்கில எழுத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறது. டிக்டேஷனில் அது தெரியும்.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். வீட்டில் தெலுங்கு. அதில் 'விலைக்கு வாங்கினான்' சொல்லின் முதல் ஒலிக்கும் பானையைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. அவள் நாக்கு இரண்டுக்கும் பழகியதுதான். ஆனாலும் பழைய ட்யூஷன் நோட்டைப் பார்த்துப் பார்த்து, 'அவள் பேனா வாங்கினாள்' என்ற ஆங்கில வாக்கியத்தில் வினைச்சொல்லைப் பானையாக்கி வாசித்தாள். இயல்பாக வரும் ஒலியை அந்த நோட்டு கெடுத்திருந்தது. அதை மாற்றுவது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினமாக இருந்தது.

வாயால் சொல்லிக் காட்டுங்கள். 'ஃப்' ஒலிக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். அகராதிச் செயலியில் ஒலியைக் கேட்க விடுங்கள். தமிழில் பொருளை மட்டும் எழுதுங்கள்.

'பாட்', 'ப்ராட்' குழப்பம்

'ப்ரிங்'கில் ஆர் உண்டு. அதன் இறந்த காலத்திலும் உண்டு. 'பை'யில் இல்லை.

வறட்சியை 'ட்ராட்' என்பது

'ட்ரௌட்'. கேழ்வரகு வயலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏரைக் குறிக்கும் 'ப்ளௌ'வையும் சேர்த்துச் சொல்லுங்கள்; ஒலி ஒன்றுதான்.

'ஹிக்காஃப்'

எப்படி எழுதினாலும் 'ஹிக்கப்'தான். விக்கலுக்கும் இருமலுக்கும் தவறாக முடிச்சுப் போட்டதால் வந்த எழுத்து அது.